பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் எதை அளக்கிறது? தேர்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: அரசுத் தேர்வுகள் இயக்குநர் அவர்கள், மற்றும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் ஆங்கிலப் பாடக் குழுவினர், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

பாடநூலை ஒரு நாளும் திறக்காத, ஆனால் ஆங்கிலம் நன்றாகப் படிக்கவும் எழுதவும் தெரிந்த ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் எத்தனை வாங்கும்? கைடை வரிக்கு வரி உருப்போட்ட, ஆனால் சொந்தமாக ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுத வராத பிள்ளை எத்தனை வாங்கும்? இப்போதைய வினாத்தாள் அமைப்பை வைத்துக் கூட்டிப் பார்த்தால் இரண்டாவது பிள்ளைதான் முந்தும்.

ஒரு மார்க் வினாக்களில் பாட வரிகளிலிருந்து எடுத்த பொருள், எதிர்ச்சொல் 6. உரைநடை இரண்டு மார்க் 6, செய்யுள் இரண்டு மார்க் 6. உரைநடை, செய்யுள் ஐந்து மார்க் வினாக்கள் 20. துணைப்பாடம் 5, மெமரி போயம் (மனப்பாடச் செய்யுள்) 5, துணைப்பாடக் கதையைக் குறிப்பிலிருந்து விரித்து எழுதுவது 8. மொத்தம் 56. இவை அனைத்துக்கும் விடை முன்கூட்டியே அச்சில் இருக்கிறது. மிச்சம் 44. அதில் எழுத்துப் பயிற்சிக்கு 20, இலக்கணம், சொல்லறிவு, ரோடு மேப் (வரைபடம் பார்த்து வழி சொல்வது) எல்லாம் சேர்த்து 16. முன்பின் பார்த்திராத பத்தியையோ செய்யுளையோ படித்துப் புரிந்து விடை எழுத இருப்பது 8 மதிப்பெண். நூற்றுக்கு எட்டு.

இரண்டு தாளாக இருந்த மொழிப் பாடம் 2019-20 கல்வியாண்டில் ஒரே தாளானது. கொரோனாவால் 2020, 2021 பொதுத் தேர்வுகள் நடக்காமல் போக, புதிய அமைப்பில் முதல் தேர்வு 2022 மே மாதம்தான் நடந்தது. பழைய இரண்டாம் தாள் எவ்வளவு குறையுள்ளதாக இருந்தாலும், பாடத்துக்கு வெளியே இருக்கும் ஆங்கிலத்துக்கு அங்கே ஓர் இடம் இருந்தது. சேர்த்தபோது சுருங்கியது அந்த இடம்தான். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை மனப்பாடத்தை விட்டு விலகச் சொல்கிறது. வினாத்தாள் மாறாமல் வகுப்பறை மாறாது என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில் வாசிப்பு. இருக்கிற 8 மதிப்பெண்ணாவது வாசிப்பைச் சோதிக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கீழே வருவது எந்த மொழியிலும் இல்லாத சொற்கள் கலந்த ஆங்கிலப் பத்தி:

‘எ ட்ரோபல் லிவ்ட் நியர் தி க்ரின். இட் ஃப்ளோம்ட் த்ரீ வாஸ்க்ஸ் எவ்ரி மார்னிங்.’

வினா: ‘வேர் டிட் தி ட்ரோபல் லிவ்?’ விடை: ‘நியர் தி க்ரின்.’ வினா: ‘ஹவ் மெனி வாஸ்க்ஸ் டிட் இட் ஃப்ளோம்?’ விடை: ‘த்ரீ வாஸ்க்ஸ்.’ இரண்டும் சரி, நான்கு மதிப்பெண். ட்ரோபல் என்றால் விலங்கா வண்டியா என்று எழுதிய நமக்கே தெரியாது. வினாவில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடி, அது வரும் வரியை அப்படியே இறக்கி வைப்பதுதான் நம் மாணவர்கள் கற்றுக்கொண்ட வாசிப்பு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, வினாக்கள் அப்படித்தான் கேட்கப்படுகின்றன.

மாற்றாக ஒரு மாதிரி. குடிநீர் அறிவிப்பு ஒன்றை 90 சொற்களில் ஆங்கிலத்தில் கொடுங்கள். செவ்வாய் காலை 9 மணி முதல் வியாழன் காலை 6 மணி வரை குழாய் பழுதுபார்ப்பு. 12, 13, 14 ஆகிய மூன்று வார்டுகளிலும் தண்ணீர் வராது. லாரித் தண்ணீர் 12-க்கும் 14-க்கும் மட்டும். வினா: ‘உங்கள் வீடு 13-ஆவது வார்டில். திங்கள் இரவு என்ன செய்வீர்கள்? ஏன்?’ இந்த விடை எந்த வரியிலும் இல்லை. தண்ணீர் பிடித்து வைப்போம் என்பதற்கு ஒன்று, எங்கள் வார்டுக்கு லாரி வராது என்ற காரணத்துக்கு ஒன்று. புரியாமல் இரண்டையும் வாங்க முடியாது. புரிந்துவிட்டால் கடைசி வரிசைப் பிள்ளையும் வாங்கிவிடும்.

எங்கள் கோரிக்கை, வாசிப்புக்கு 25 மதிப்பெண், இரண்டு பகுதிகள். ஒன்று 80 முதல் 120 சொல்லுக்குள் அறிவிப்பு, அட்டவணை, மருந்துச் சீட்டு, பேருந்து நேரம் போன்ற அன்றாட எழுத்து. மற்றொன்று 220 முதல் 250 சொல் கொண்ட தொடர் கட்டுரை. நேரடியாக எடுத்து எழுதும் வினா மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதிலும் வினாவின் சொல் பத்தியின் சொல்லாக இருக்கக் கூடாது. பத்தியில் ‘பர்ச்சேஸ்ட்’ என்றிருந்தால் வினாவில் அதே பொருளுள்ள ‘பாட்’ என்று கேளுங்கள். மற்றவை ஊகித்தறிவது, இடத்தைக் கொண்டு சொற்பொருள் அறிவது, பத்தியின் மையக் கருத்து, எழுதியவரின் நோக்கம். பத்தியில் வரும் புதுச்சொற்களின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பாடநூல் சொற்களுக்கு வெளியே நூற்றுக்கு மூன்று, நான்குக்கு மேல் போனால் அது வாசிப்புத் தேர்வாக இருக்காது, சொல்லகராதித் தேர்வாகிவிடும்.

பத்தி தயாரானதும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுண்டு. பத்தியைக் கொடுக்காமல் வினாக்களை மட்டும் ஏழெட்டுப் பேரிடம் கொடுத்துப் பாருங்கள். ‘மரம் நடுவதால் என்ன நன்மை?’ என்ற வினாவுக்கு எந்தப் பத்தியும் தேவையில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்தே அந்த விடை தெரியும். பத்தியின்றி விடை வரும் வினா எதுவானாலும் நீக்கிவிடலாம். காந்தி, அப்துல் கலாம், சுற்றுச்சூழல் ஆகியவை பற்றிய பத்திகள் பெரும்பாலும் இங்கேதான் விழுகின்றன.

திருத்தும்போது இன்னொரு சிக்கல் வரும். வாசிப்பு விடையில் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பதா? கூடாது. கருத்து தெளிவாகத் தெரிந்தால் முழு மதிப்பெண். எழுத்துப் பிழைக்கு எழுத்துப் பகுதியில் குறைத்துக்கொள்ளலாம், ஒரே குறைக்கு இரண்டு இடத்தில் தண்டனை வேண்டாம். ஆனால் மூன்று வரிகளை மொத்தமாக இறக்கி, விடை அதற்குள் எங்கோ இருக்கிறது என்று விட்டால் பாதி மதிப்பெண்தான். இந்த இரண்டு விதிகளும் விடைக்குறிப்பில் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு திருத்தும் மையத்தில் இரக்கமும் இன்னொரு மையத்தில் கண்டிப்புமாகப் போகும்.

அடுத்து இலக்கணம். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றும் ‘சேஞ்ச் தி வாய்ஸ்’ வினாவுக்குப் பிள்ளைகள் எழுதும் விடை பெரும்பாலும் சரியாக இருக்கும். முன்னால் இருப்பதைப் பின்னால் போடு, பின்னால் இருப்பதை முன்னால் போடு, நடுவில் ‘வாஸ்’ சேர், கடைசியில் ‘பை’ சேர். வினையின் மூன்றாம் வடிவம் தெரிந்தால் போதும். அதே பிள்ளையை ‘யாருக்கும் காயமில்லை’ என்று ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள், திணறும். செயப்பாட்டு வினை எதற்கு என்பது, செய்தவர் யாரென்று தெரியாதபோதும் சொல்லத் தேவையில்லாதபோதும் வருவது அது என்பது, அவருக்குச் சொல்லப்பட்டதே இல்லை. நேர்கூற்றை அயற்கூற்றாக்கும் ‘டைரக்ட் இன்டைரக்ட்’டும் இதே கதைதான். ‘நவ்’ வந்தால் ‘தென்’, ‘டுமாரோ’ வந்தால் ‘தி நெக்ஸ்ட் டே’ என்று ஒரு வாய்பாடு. ‘அப்பா வெளியே போயிருக்கும்போது மாமா போனில் சொன்ன செய்தியை அப்பாவுக்கு எழுதி வை’ என்று கேட்டால் அதே இலக்கணம் உயிரோடு வெளிவரும்.

ஆகவே தனி வாக்கியங்களை மாற்றும் வினாக்களைக் குறைத்து, எட்டுப் பத்து வரி கொண்ட ஒரே செய்தியில் இடைவெளி விட்டு, அடைப்புக்குள் வினையின் மூல வடிவத்தை மட்டும் கொடுங்கள். காலம், ஒருமை பன்மை, செய்வினை செயப்பாட்டு வினை எல்லாவற்றையும் பிள்ளையே தீர்மானிக்கட்டும்.

இதைத் தயாரிப்பது கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிச் சுவர் இடிந்த செய்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ‘லாஸ்ட் நைட் எ வால் …’ என்ற இடத்தில் ‘ஃபால்’ கொடுத்தால் ‘ஃபெல்’ மட்டுமே சரி, ‘லாஸ்ட் நைட்’ கட்டிப்போடுகிறது. ‘நோபடி …’ என்ற இடத்தில் ‘ஹர்ட்’ கொடுத்தால் ‘வாஸ் ஹர்ட்’. இதுவும் நல்ல வினா, ‘பை’ இல்லாத செயப்பாட்டு வினை. அடுத்த வரியில் ‘தி பிரிக்ஸ் … ஸ்டில் …’ என்று ‘லை’ கொடுத்தால் ‘ஆர் ஸ்டில் லையிங்’ என்று வரும். ‘ஸ்டில்’லை நகர்த்தி இடைவெளியை ஒன்றாக்கினால் ‘ஸ்டில் லை’யும் சரியாகும், ‘ஆர் லையிங்’கும் சரியாகும். இப்படி இரண்டு விடை வரும் இடைவெளி விடைக்குறிப்பில் ஒன்றோடு அச்சாகி, திருத்தும் முகாமில் முதல் நாள் முழுக்கச் சண்டை நடக்கும். ஒவ்வொரு இடைவெளிக்கும் அந்த வரியிலோ முந்தைய வரியிலோ காலத்தைக் காட்டும் சொல் ஒன்று இருக்கிறதா என்று இன்னொரு ஆசிரியர், விடைக்குறிப்பைப் பார்க்காமல், தாளை எழுதிப் பார்க்க வேண்டும். அவர் விடை மாறினால் வினாதான் தவறு.

‘ஸ்பாட் தி எரர்’ பகுதியும் ஒரு பட்டியலாகச் சுருங்கிவிட்டது. ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’, ‘சீனியர் தேன்’, ‘ஆல்தோ’வோடு ‘பட்’, ‘எ ஹானஸ்ட் மேன்’, ‘டிஸ்கஸ் அபௌட்’. இந்த ஐந்தாறைப் பார்த்ததும் கை தானாகத் திருத்துகிறது. அதே கை அடுத்த பக்கத்தில் ‘ஹி டிட் நாட் வென்ட்’ என்றும், ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்றும், ‘மை ஃபாதர் கோ டு வொர்க்’ என்றும் எழுதுகிறது. தமிழில் ‘எ’, ‘தி’ போன்றவை இல்லை. ஏன், எங்கே என்று கேட்கும்போது வாக்கியத்தின் வரிசை மாற வேண்டியதும் இல்லை. நம் பிள்ளைகளின் பிழைகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன, வினாத்தாளின் பிழைகள் எங்கிருந்தோ வருகின்றன. ஏழு வரிக் கடிதம் ஒன்றைக் கொடுத்து, ‘இதில் ஐந்து பிழைகள் உள்ளன’ என்று எண்ணிக்கையைச் சொல்லி, இரண்டு வரிகளைப் பிழையில்லாமல் விடுங்கள். சரியான வரியைச் சரியென்று விட்டுவைப்பதும் ஒரு திறன்.

நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 14 வினாக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வட்டமிட்டாலும் சராசரியாக மூன்றரை மதிப்பெண் வரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நான்கு விருப்பங்களும் ஒரே சொல்வகையாக இருக்கட்டும். பெயர்ச்சொல் கேட்கும் இடத்தில் ஒரு வினைச்சொல்லை வைத்தால் நான்கு மூன்றாகிவிடுகிறது.

ரோடு மேப் 2 மதிப்பெண். ‘கோ ஸ்ட்ரெய்ட், டேர்ன் லெஃப்ட், யூ வில் ஃபைண்ட் இட் ஆன் யுவர் ரைட்’ என்ற மூன்று வரி எந்த ஊர் வரைபடத்துக்கும் பொருந்தும்படி மனப்பாடம் ஆகியிருக்கிறது. வரைபடத்தில் இரண்டு திருப்பங்கள் வைத்து, மனப்பாட வரிகளைப் பின்பற்றிப் போனால் தபால் நிலையத்துக்குப் பதில் காவல் நிலையத்துக்குப் போகும்படி அமைத்தால் போதும். மதிப்பெண் போய்ச் சேர்வதற்கு இருக்கட்டும்.

எழுத்துப் பகுதிதான் எல்லாவற்றையும்விட அதிகம் கெட்டுப்போயிருக்கிறது. படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியம் எழுதும் வினாவுக்கு மாநிலம் முழுவதும் ஒரே விடை: ‘திஸ் இஸ் எ பியூட்டிஃபுல் பிக்சர். திஸ் இஸ் எ கலர்ஃபுல் பிக்சர். ஐ லைக் திஸ் பிக்சர் வெரி மச்.’ வினாத்தாள் கறுப்பு வெள்ளையில் அச்சாகிறது. அதில் இருப்பது பலநேரம் சாலை விபத்தாகவோ குப்பை மேடாகவோ இருக்கும். அதற்கும் ‘பியூட்டிஃபுல்’, ‘கலர்ஃபுல்’. இலக்கணப் பிழை ஒன்றும் இல்லையே என்று மூன்று மதிப்பெண் போட்டுவிட்டு நாமும் அடுத்த பக்கம் திருப்புகிறோம்.

விளம்பரம் வரைவதில் கட்டம் போட்டிருந்தால் ஒன்று, கடைப் பெயர் இருந்தால் ஒன்று, தொலைபேசி எண் இருந்தால் ஒன்று. கடிதத்தில் முகவரியும் தேதியும் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’யும் சேர்ந்து பாதி மதிப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடும். அமைப்பு தெரிய வேண்டியதுதான். அதற்கு ஒரு மதிப்பெண் போதும்.

எழுத்துக்கு 30 மதிப்பெண் ஒதுக்கி, சின்னச் சின்ன நான்கு வினாக்களுக்குப் பதில் 10 மதிப்பெண்ணில் ஒன்று, 20 மதிப்பெண்ணில் ஒன்று என இரண்டே கேளுங்கள். முதலாவது 50 சொல் செய்தி அல்லது மின்னஞ்சல். இரண்டாவது 120 முதல் 150 சொல். யாருக்கு எழுதுகிறோம், எதற்காக எழுதுகிறோம் என்பது வினாவிலேயே இருக்க வேண்டும். ‘மழைநீர் சேகரிப்பு பற்றி ஒரு கடிதம்’ என்றால் கைடு வேலை செய்யும். ‘உங்கள் தெருவில் சேகரிப்புத் தொட்டி அடைத்துக்கொண்டிருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் ஒத்துழைக்க மறுக்கிறார், அவர் மனம் கோணாமல் அவருக்கே எழுது’ என்றால் கைடு கைவிட்டுவிடும்.

மதிப்பிட நான்கு தலைப்புகள் போதும்: கேட்டதை எழுதினாரா, வரிசையாகச் சொன்னாரா, வாக்கியம் நிற்கிறதா, சொல்லும் எழுத்தும் சரியா. 20-இல் ஒரு தலைப்புக்கு 5. ஒவ்வொன்றிலும் 5 என்றால் எப்படி இருக்கும், 3 என்றால் எப்படி, 1 என்றால் எப்படி என்று இரண்டு வரி விளக்கம். ஒரே சொல்லை ஐந்து இடத்தில் தவறாக எழுதினால் அது ஒரு பிழை. படத்துக்கோ சூழலுக்கோ சம்பந்தமே இல்லாத மனப்பாட வாக்கியம், இலக்கணம் எவ்வளவு சரியாக இருந்தாலும், முதல் தலைப்பில் பூஜ்யம்.

விளக்கம் மட்டும் கொடுத்தால் போதாது. ‘ஓரளவு வரிசை’ என்ற தொடரை நூறு ஆசிரியர்கள் நூறு விதமாகப் படிப்பார்கள். ஆறு மாதிரி விடைகளை, மாணவர் கையெழுத்திலேயே, மதிப்பெண்ணும் அதற்கான காரணமும் குறித்து எல்லா மையங்களுக்கும் அனுப்ப வேண்டும். திருத்தும் பணி தொடங்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, முதன்மைத் தேர்வாளர் முன்னிலையில் அனைவரும் நான்கு விடைகளைத் தனித்தனியே திருத்தி, போட்ட மதிப்பெண்ணைப் பலகையில் எழுதிப் பார்க்கட்டும். முதல் முறை 20-க்கு 8-உம் 16-உம் வந்தால் யாரும் திடுக்கிட வேண்டாம். பேசியபின் அடுத்த விடையில் வித்தியாசம் இரண்டு மூன்றுக்குள் வந்துவிடும்.

பிறகு இரண்டு கட்டுப்பாடுகள். எழுத்துப் பகுதியை மட்டும் தாள் தாளாகத் திருத்தாமல், கட்டில் உள்ள எல்லாத் தாள்களிலும் அந்த ஒரு வினாவைத் தொடர்ச்சியாகத் திருத்த வேண்டும். முதல் பக்கத்து அழகான கையெழுத்தும், 14-க்கு 14 வாங்கிய ஒரு மார்க் பகுதியும் கடைசிப் பக்கத்துக் கட்டுரைக்கு மதிப்பெண் வாங்கித் தருவது இதனால் குறையும். மற்றொன்று, பத்தில் ஒரு தாளின் எழுத்துப் பகுதியை, முதல் மதிப்பெண் மறைக்கப்பட்ட நிலையில், இன்னொருவர் திருத்த வேண்டும். 30-க்கு 5-க்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தக் கட்டு முழுவதையும் கூர்ந்தாய்வு அலுவலர் பார்க்கட்டும். இதற்கு நேரம் கூடும், மறுக்கவில்லை. காலைக் கட்டையும் பிற்பகல் கட்டையும் கொஞ்சம் மெலிதாக்கினால் முகாம் இரண்டு நாள் நீளும், அவ்வளவுதான்.

வினாக்கள் பயன்பாட்டுக்கு வருமுன் மாணவர்களிடம் எழுதிப் பார்க்கப்படாததுதான் நம் தேர்வின் பெரிய ஓட்டை. இரகசியம் போய்விடும் என்ற அச்சம் புரிகிறது. காலாண்டு, அரையாண்டுத் தாள்களில் மாவட்டத்துக்கு மாவட்டம் வெவ்வேறாகச் சில புது வினாக்களைக் கலந்து வையுங்கள். தேறியவற்றைச் சேமித்து, ஓராண்டு கழித்து அதே வடிவில் வேறு பத்தியுடன் பயன்படுத்தலாம். தேறியதா என்று பார்க்கக் கணினி வேண்டாம். நூறு தாள்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்குங்கள். மேலே 27, கீழே 27 எடுங்கள். ஒரு வினாவுக்கு மேலுள்ளவர்களில் 20 பேரும் கீழுள்ளவர்களில் 8 பேரும் சரியாக எழுதியிருந்தால் வித்தியாசம் 12, அதை 27-ஆல் வகுத்தால் 0.44. 0.30-க்கு மேல் நல்ல வினா. 0.20-க்குக் கீழே போனால் திருத்த வேண்டும். கழித்தல் குறியோடு வந்தால் விடைக்குறிப்பே தவறாக இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

இனி எங்களுக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம். மெமரி போயம், ரோடு மேப், விளம்பரக் கட்டம், ஒரு மார்க் இவற்றை வைத்துத்தான் மெல்லக் கற்கும் மாணவர்கள் 35-ஐத் தொடுகிறார்கள், அதைப் பிடுங்கினால் தேர்ச்சி சரியும் என்பார்கள். உண்மைதான், ஒரே ஆண்டில் பிடுங்கினால் சரியும். ஆனால் அந்த 35-ஐ வேறு விதமாகவும் தரலாம். வங்கிப் படிவம் நிரப்புவது, மருந்துச் சீட்டில் எத்தனை வேளை என்று கண்டுபிடிப்பது, பேருந்து அட்டவணையில் கடைசி வண்டியைச் சொல்வது, ஐந்து சொல்லில் ஒரு அறிவிப்புப் பலகை எழுதுவது. வாசிப்பிலும் எழுத்திலும் முதல் 15 மதிப்பெண்கள் இந்தத் தரத்தில் இருக்கட்டும். இலக்கணத்துக்கு 15, பாடநூலுக்கு 30 என்று வைத்துக்கொண்டால் இன்றைக்குத் தேர்ச்சி பெறும் பிள்ளை அன்றைக்கும் பெறும், கையில் ஏதோ ஒன்றோடு பெறும். மெமரி போயத்தின் மேல் எங்களுக்குப் பகையில்லை. அது வகுப்பறையில் வாய்விட்டுச் சொல்லி மகிழ வேண்டியது, காற்புள்ளி விட்டுப்போனதற்கு அரை மதிப்பெண் குறைக்க வேண்டியது அல்ல.

கீழ் வகுப்புகள் பற்றி ஒன்று மட்டும். பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று அளக்கும் அடைவு ஆய்வுகளில், விடையைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வினா ஒன்றையே நம்ப வேண்டாம். வட்டத்தை நிரப்பும் தாளால் எழுத்துத் திறனை அளக்க முடியாது. கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் ஏசர் ஆய்வில், 2022-இல், பிள்ளையை ஒவ்வொருவராக உட்காரவைத்து, பெரிய எழுத்து, சிறிய எழுத்து, சொல், எளிய வாக்கியம் என்று படிக்கவைத்து, படித்ததன் பொருளைத் தாய்மொழியில் சொல்லச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பு வரை வாசிப்பு விடையைத் தமிழில் வாங்கிக்கொள்வதில் தவறே இல்லை. அங்கே நாம் பார்ப்பது புரிந்ததா என்பதை, ஆங்கிலத்தில் எழுத வந்ததா என்பதை அல்ல. இரண்டையும் ஒரே விடையில் கேட்டால், தவறிய பிள்ளை எங்கே தவறியது என்று ஆசிரியருக்குத் தெரியாது.

இதே காரணத்துக்காகத்தான் மதிப்பெண் பட்டியலில் ஆங்கிலத்துக்கு ஒற்றை எண் போதாது என்கிறோம். 62 என்பதில் மனப்பாடம் எவ்வளவு, வாசிப்பு எவ்வளவு? வாசிப்பு, எழுத்து, இலக்கணம், பாடநூல் என்று நான்கு எண்களை மொத்தத்துக்கு முன்னால் அச்சிட்டால், மேல்நிலை முதலாம் ஆண்டு ஆசிரியருக்கு ஜூன் மாதமே எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

புதிய அமைப்பை முதலில் ஒன்பதாம் வகுப்பில் நடத்திப் பார்த்துவிட்டு, அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வரும் ஆண்டில் பொதுத் தேர்வில் கொண்டுவாருங்கள். அறிவிப்போடு இரண்டு மாதிரி வினாத்தாள்களையும், மேலே சொன்ன ஆறு திருத்தப்பட்ட விடைகளையும் சேர்த்து வெளியிடுங்கள், காலாண்டுத் தேர்வுக்கு முன்பே. மாதிரித் தாள் மட்டும் வந்தால் அடுத்த வாரம் அதற்கும் கைடு வந்துவிடும்.

இப்படிக்கு,
அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர்கள் சிலர்